கால் நுழையாத பூட்ஸ்

மைனஸ் முப்பத்தொன்று.
மோட்டார் சைக்கிளை ஆட்டுத்தோலால் மூடிவிட்டு
அளக்கும் பட்டையை வயிற்றோடு அணைத்துச் சூடாக்கினேன்.
குளிர்ந்த கைக்குக் குளிர்ந்த பட்டை
எதையும் கூட்டித்தான் சொல்லும்.

சோத்னோம்பில். ஐம்பத்தெட்டு.
எழுநூறு ஆடு, நாற்பது குதிரை,
நாளுக்கு இருபது சிகரெட்.
என் நோட்டில் சிகரெட்டுக்கு மட்டும் கட்டம் உண்டு.

தேநீர்தான் முதலில்.
பால், மிதக்கும் கொழுப்பு, ஒரு பிடி உப்பு.
குடிக்காமல் கையை நீட்டச் சொல்ல முடியாது
ஸாவ்கானில் எந்தக் கூடாரத்திலும்.
உப்பைப் பாதியாக்குங்கள் என்று
இதே கம்பளத்தில் உட்கார்ந்து சொன்னவள் நான்.
இரண்டு கிண்ணம் குடித்தேன்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
உள்ளே ஓடும் குழாய்கள்
நினைத்துக்கொண்டேதான் இருக்கின்றன.

நூற்றுத் தொண்ணூறு. கீழே நூற்றுப் பத்து.
ஐந்து நிமிடம் கழித்து மறுபடி.
நூற்று எண்பத்தாறு.

தலைவலி?
இல்லை.
மார்பில் பாரம்?
இல்லை.
மாத்திரை?
அடுப்பில் ஒரு வரட்டியைப் போட்டார்.
குதிரை கனைக்குது, போய்ப் பார்க்கணும் என்றார்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இவர் அண்ணன் ஜிக்ஜித்துக்கும் வலி இருந்ததில்லை.
கடிவாளம் பிடித்த கையோடு ஒரு காலை
பனியில் மெல்ல உட்கார்ந்தார்.
வாய் ஒருபக்கம் போயிருந்தது.
மருத்துவமனை எண்பது கிலோமீட்டர்.
மூளைக்குள் வெடித்த குழாய்க்கு
அது எட்டென்றாலும் ஒன்றுதான்.
குதிரை கடைசிவரை நகரவில்லையாம்.

மாத்திரை அட்டைகளைக் கேட்டேன்.
அம்லோடிபின், பத்து மில்லிகிராம்,
தொண்ணூறு நாளுக்குத் தந்தது.
பெட்டிக்கு அடியிலிருந்து ஹந்த்சுரேன் எடுத்துவந்தாள்.
எல்லாக் குமிழும் உடைந்திருந்தது.
ஒன்றுகூட மிச்சமில்லை.

அப்படியானால் மருந்துதான் தோற்றதா?
பையில் இருப்பதை மனசுக்குள் துழாவினேன்:
சிறுநீரோடு உப்பை வெளியேற்றும் ஒன்று,
இதயத்தின் அவசரத்தைத் தணிக்கும் ஒன்று,
லோசார்டான் மூன்று அட்டை.
கொலஸ்ட்ராலுக்கானது மாகாணத் தலைநகரிலிருந்து
சாலை திறந்தால் வரும்.

யோசித்தபடியே,
கை சும்மா இருக்க வேண்டாமென்று
ஹந்த்சுரேனின் கையில் பட்டையைச் சுற்றினேன்.

நூற்று இருபத்திரண்டு.

நோட்டைப் புரட்டினேன்.
இலையுதிர்காலத்தில் நூற்று அறுபத்தெட்டு.
பக்கத்தில் என் கையெழுத்து: மீண்டும் அளக்க.
மீண்டும் வருவதற்குள் பனி மூடிவிட்டது.

அவள் சிரிப்பை உதட்டுக்குள் மென்றாள்.
"அவருக்கு பூட்ஸ் நுழையல" என்றாள்.
"மூணு வாரம் முழுங்கினார். கணுக்கால் வீங்கிப்போச்சு.
மந்தையை இடம் மாத்துற நேரம்.
பூட்ஸ் போட முடியாதவனுக்குக் குதிரை எதுக்குன்னு
அட்டையை எங்கிட்டத் தள்ளிவிட்டார்.
வீணாக்கலாமா?
எனக்கு வீங்கவே இல்ல."

தலையைக் கேட்டேன், மார்பைக் கேட்டேன்.
எனக்குப் படிப்பித்த கேள்விகளில் பூட்ஸ் இல்லை.

கழற்றச் சொன்னேன்.
கட்டைவிரலால் கணுக்காலை அழுத்தினேன்.
குழி விழவில்லை. எலும்பு தெரிந்தது.
வெட்கப்பட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டார்,
நாற்பது குதிரைக்குச் சொந்தக்காரர்.

பத்தை ஐந்தாக்கினேன். கூடவே லோசார்டான்.
இரண்டும் சேர்ந்தால் வீக்கம் குறையலாம்.
"வீங்கினா?"
"எனக்குச் சொல்லுங்கள். அவளுக்குக் கொடுக்காதீர்கள்."

ஹந்த்சுரேனுக்குத் தனிப் பக்கம் திறந்தேன்.
பெயர். வயது. அடுத்தவர் மருந்தில் மூன்றாம் மாதம்.
கடைசி வரியை அடித்துவிட்டு
அவளுக்கென்று அட்டைகளை எண்ணித் தந்தேன்.
மூன்றாவது கிண்ணம் வந்தது.
உப்பு குறைவாக இருந்ததா,
என் நாக்குதான் பழகிவிட்டதா.

வழியனுப்ப வெளியே வந்தவர்
சிகரெட் ஒன்றை உருவினார்,
என்னைப் பார்த்தார்,
மறுபடி பெட்டிக்குள் செருகினார்.
நான் மேட்டைத் தாண்டும்வரை பொறுத்திருப்பார்.

மேட்டுக்கு நாலு நிமிடம்.
மெதுவாகவே ஓட்டினேன்.